வங்கி எடுத்த கட்டணத்தை மீட்டல்: பிரிட்டனில் தானே கோருவதும் சொலிசிட்டர் வழியே கோருவதும்

1. பொருளும் எல்லையும்

பிரிட்டனில் கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாகிவிட்டாலோ, பணமில்லாமல் ஒரு தவணை திரும்பிப் போனாலோ, வங்கி அதற்கென்று ஒரு தொகையை அந்தக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொண்டது. 2000களின் நடுவில் இது ஒரு தடவைக்கு 25 பவுண்டு முதல் 39 பவுண்டு வரை இருந்தது. வங்கிக்கு உண்மையில் ஆன செலவுக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி, சுமார் 2005 முதல் வாடிக்கையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். சிலர் தாங்களே கடிதம் எழுதினார்கள். சிலர் சொலிசிட்டரிடம் போனார்கள். இன்னும் சிலர், கமிஷன் பேசிக்கொண்டு கோரிக்கையை நடத்தித்தரும் கம்பெனிகளிடம் போனார்கள்.

இந்த மூன்று வழிகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2009க்குப் பிறகு இந்தக் கோரிக்கையின் பலம் பெரும்பாலும் கணக்கு வைத்திருந்தவரின் வாழ்க்கை நிலவரத்தில்தான் இருக்கிறது. வேலை போனது, படுத்த படுக்கையானது, உதவித்தொகையை நம்பி மாதம் ஓட்டியது ஆகியவற்றை எல்லாம் அவரைவிட நன்றாக எடுத்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அதனால் தானே கோருவதுதான் பொதுவான வழியாக இருக்க வேண்டும். வழக்கறிஞர் தேவைப்படும் இடங்களும் உண்டு. அவை சிலதான் என்றாலும், இன்னின்னவை என்று அடையாளம் காட்டலாம்.

இங்கே பேசப்படுவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் காலவரம்பும் நீதிமன்ற நடைமுறையும் வேறு.

2. கட்டணம் குட்டி போடும் விதம்

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். சம்பளம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரும். அதற்கு முந்தின நாள் கேஸ் கம்பெனி டைரக்ட் டெபிட் மூலம் 42 பவுண்டு கேட்கிறது. கணக்கில் 38 பவுண்டு இருக்கிறது. வங்கி தவணையைத் திருப்பி அனுப்புகிறது. அதற்குக் கட்டணம் 35 பவுண்டு. நான்கு பவுண்டு பற்றாக்குறைக்கு முப்பத்தைந்து பவுண்டு. கட்டணம் அன்றைக்கே பிடிக்கப்படுவதில்லை. சில வாரம் கழித்து, அடுத்த சம்பளம் வந்த பிறகு பிடிக்கப்படுகிறது. எனவே அடுத்த மாதம் 35 பவுண்டு குறைவோடு தொடங்குகிறது. கேஸ் பாக்கியும் சேர்ந்துகொள்கிறது. மாதக் கடைசியில் கவுன்சில் வரியும் தொலைபேசிக் கட்டணமும் வரும்போது பணம் போதவில்லை. இரண்டும் திரும்புகின்றன, 70 பவுண்டு. மூன்றாம் மாதம் அந்த 70 இல்லாததால் வாடகையே இடிக்கிறது. முதலில் விழுந்த துண்டு நான்கு பவுண்டு என்பது அந்தக் குடும்பத்துக்கே மறந்து போயிருக்கும்.

வட்டி குட்டி போடும் என்பார்கள். இங்கே கட்டணமே குட்டி போட்டது. இதைத் தனி ஒருவரின் கவனக்குறைவாகப் பார்க்க முடியாது. போட்டிக்கு எதிரான போக்குகளையும் நுகர்வோர் நலனையும் கவனித்துவந்த நியாய வணிக அலுவலகம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2006ஆம் ஆண்டில் மட்டும் வங்கிகள் இப்படிப்பட்ட கட்டணங்களில் சுமார் 260 கோடி பவுண்டு ஈட்டின. அந்த ஆண்டு ஒரு தடவையாவது இதைக் கட்டிய கணக்குகள் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல். தனிநபர் நடப்புக் கணக்குகளில் வங்கிகளுக்கு வந்த வருவாயில் 30 சதவீதத்துக்கும் அதிகம் இதிலிருந்துதான் வந்தது என்பது பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது.

கணக்கில் எப்போதும் பணம் வைத்திருப்பவருக்குப் பிரிட்டனில் வங்கிச் சேவை இலவசம். காசோலைக்குக் கட்டணமில்லை, கார்டுக்குக் கட்டணமில்லை, மாதக் கட்டணமும் இல்லை. அந்த இலவசத்துக்கான செலவை யார் கொடுத்தார்கள்? மாதக் கடைசியில் பணம் தீர்ந்துபோனவர்கள் கொடுத்தார்கள். அடுத்து வந்த நிதி நடத்தை ஆணையம் 2016ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தபோது, அனுமதி பெறாத ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைத் தாண்டி எடுப்பது) கட்டணங்களில் பாதிக்கு மேல் வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது தெரிந்தது. இல்லாதவரிடம் வாங்கி இருப்பவருக்குச் சலுகை கொடுத்த ஏற்பாடு இது. மீட்புக் கோரிக்கைகளுக்கு இவ்வளவு வேகம் வந்ததற்குக் காரணம் இந்த அநீதிதான். தொகையின் அளவு அதற்கு அடுத்ததுதான்.

3. சட்டம் தந்த இரண்டு பிடிகள்

முதல் பிடி ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து இழப்புக்கு ஈடு வாங்கலாம். தண்டம் வாங்கக் கூடாது. 1914இல் டன்லப் டயர் வழக்கில், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது. இழப்பை முன்கூட்டி நேர்மையாகக் கணித்து வைத்த தொகை செல்லும். எதிராளியை அச்சுறுத்துவதற்காக வைத்த தொகை செல்லாது. தானியங்கிக் கணினி ஒன்று ஒரு தவணையைத் திருப்பி அனுப்பி ஒரு கடிதத்தை அச்சடிக்க 35 பவுண்டு ஆகுமா என்ற வாதம் இதன்மேல்தான் நின்றது.

இரண்டாவது பிடி, ஐரோப்பிய நெறிமுறை ஒன்றைத் தழுவி 1999இல் வந்த நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள். தனித்தனியாகப் பேசி முடிக்காமல் அச்சடித்து நீட்டப்பட்ட ஒரு நிபந்தனை, நல்லெண்ணத்துக்கு மாறாக நுகர்வோருக்குப் பாதகமான பெரிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கினால் அது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே விதிமுறைகளின் 6ஆம் விதியில் ஒரு விலக்கு இருந்தது. எளிய மொழியில் எழுதப்பட்டிருந்தால், கொடுக்கும் விலை பெறும் சேவைக்குத் தகுந்ததா என்று நீதிமன்றம் எடை போடக் கூடாது. இந்தச் சிறிய விலக்கின்மேல்தான் எல்லாம் போய் மோதியது.

கிரெடிட் கார்டுகளில் முதல் பிடியே வேலை செய்தது. தவணை தவறுவது சந்தேகமில்லாமல் ஒப்பந்த மீறல். 2006 ஏப்ரலில் நியாய வணிக அலுவலகம், 12 பவுண்டுக்கு மேற்பட்ட தாமதக் கட்டணத்தை நியாயமற்றதாகவே கருதுவோம் என்று அறிவித்தது. கார்டு நிறுவனங்கள் 12 பவுண்டுக்கு இறங்கி வந்தன. நடப்புக் கணக்கில் அப்படி நடக்கவில்லை. வங்கிகள் தங்கள் நிபந்தனைகளின் வாசகத்தை மாற்றிக்கொண்டன. பணமில்லாத கணக்கிலிருந்து ஒரு தொகை போக வேண்டியிருந்தால், அது ஒப்பந்த மீறல் அல்ல, கூடுதல் கடன் கேட்டு வாடிக்கையாளர் வைக்கும் விண்ணப்பம் என்று எழுதினார்கள். அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கூலிதான் 35 பவுண்டு. பரிசீலித்து மறுத்தாலும் கூலி உண்டு. மீறலே இல்லாத இடத்தில் தண்டம் ஏது? இந்த எழுத்து வேலையின் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். சட்டம் எந்த அளவுக்குச் சொற்களில் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

4. 2005 முதல் 2009 வரை

பணச்சிக்கனம் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர் மார்ட்டின் லூயிஸ் நடத்திய இணையதளம் முதலான பல இடங்களில் மாதிரிக் கடிதங்கள் இலவசமாகக் கிடைத்தன. பெயரையும் தொகையையும் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். வங்கி மறுத்தால் இணையம் வழியே கவுன்டி நீதிமன்றத்தில் வழக்கு. அப்போது வங்கிகள் கடைப்பிடித்த உத்தி கவனிக்கத் தக்கது. எதிர்வாதம் தாக்கல் செய்வார்கள். விசாரணைத் தேதி நெருங்கும்போது முழுத் தொகையையும் கொடுத்து வழக்கை முடித்துவிடுவார்கள். தங்களுக்கு எதிராக எழுத்தில் ஒரு தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு எச்சரிக்கை. விளைவாக, சட்டம் படிக்காத லட்சக்கணக்கானவர்கள் ஒரு வழக்கறிஞரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

2007 மே மாதம் பர்மிங்காம் கவுன்டி நீதிமன்றத்தில் ஒரு வாடிக்கையாளர் லாயிட்ஸ் டி.எஸ்.பி. வங்கியிடம் தோற்றார். மாவட்ட நீதிபதியின் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வங்கிகள் எதிர்த்து நின்றால் ஜெயிக்க முடியும் என்பது வெளிப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று, நியாய வணிக அலுவலகமும் எட்டு நிறுவனங்களும் உயர் நீதிமன்றத்தில் ஒரு முன்னோட்ட வழக்கைத் தொடங்கின. அபே நேஷனல், பார்க்ளேஸ், கிளைட்ஸ்டேல், ஹெச்.பி.ஓ.எஸ்., ஹெச்.எஸ்.பி.சி., லாயிட்ஸ் டி.எஸ்.பி., ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம் என்ற ஏழு வங்கிகளோடு நேஷன்வைட் பில்டிங் சொசைட்டியும் எதிர்த்தரப்பில் நின்றது. அன்றே வங்கிகள் புகார்களை நிறுத்திவைக்க, அப்போது அவற்றைக் கண்காணித்துவந்த நிதிச்சேவை ஆணையம் அனுமதித்தது. நாடெங்கும் கவுன்டி நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளும் கிடப்பில் போயின. கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டுகளுக்கு அவரவர் கோரிக்கை அப்படியே நின்றது.

2008 ஏப்ரலில் நீதிபதி ஆண்ட்ரூ ஸ்மித், பொதுச்சட்டப்படி அன்றைய கட்டணங்கள் தண்டம் அல்ல என்றார். முதல் பிடி அங்கே நழுவியது. ஆனால் 1999 விதிமுறைகளின்படி நியாயத்தைச் சோதிக்கத் தடையில்லை என்று இரண்டாவது பிடியைக் காப்பாற்றினார். 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில்தான் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. நவம்பர் 25 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக வங்கிகளின் மேல்முறையீட்டை ஏற்றார்கள்.

அவர்களின் தர்க்கம் இது. நடப்புக் கணக்கு என்பது பல சேவைகள் சேர்ந்த ஒரு தொகுப்பு. அதற்கு வாடிக்கையாளர்கள் பல உருவங்களில் விலை கொடுக்கிறார்கள். கணக்கில் வட்டியில்லாமல் கிடக்கும் பணம் ஒன்று, இந்தக் கட்டணம் இன்னொன்று. வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருவதை ஓரத்துச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. எனவே அது விலையின் ஒரு பகுதி. விலை என்றால் 6ஆம் விதியின் விலக்கு பாய்கிறது. அதிகமா குறைவா என்று நீதிமன்றம் பார்க்கலாகாது.

சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் இது தவறான வாசிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதன் உட்பொருள் மனதை உறுத்துகிறது. ஏழைகளிடமிருந்து இவ்வளவு பெருந்தொகை வந்தது என்ற உண்மையே அந்தக் கட்டணத்தைச் சோதனையிலிருந்து காப்பாற்றும் காரணமாகிவிட்டது. கட்டணங்கள் நியாயமானவை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அந்தக் கேள்வி தங்கள் முன் இல்லை என்று அவர்களில் ஒருவரான பிலிப்ஸ் பிரபு தெளிவுபடுத்தினார். வேண்டுமானால் அரசும் நாடாளுமன்றமும் யோசிக்கட்டும் என்று இன்னொரு நீதிபதியான வாக்கர் பிரபு குறிப்பிட்டார். இந்த வேறுபாடு செய்தித்தாள் தலைப்புகளில் காணாமல் போனது. வங்கிகள் வென்றன, இனி ஒன்றும் நடக்காது என்று பலர் கடிதங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். டிசம்பர் 22 அன்று நியாய வணிக அலுவலகமும் ஆய்வைக் கைவிட்டது.

5. அடைபட்டது எது, திறந்திருப்பது எது

அடைபட்டது ஒரு வாதம்: இந்தத் தொகை வங்கியின் செலவைவிட மிக அதிகம், ஆகவே எல்லோருக்கும் திருப்பிக் கொடு என்ற பொது வாதம். 2015இல் கார் நிறுத்துமிடம் ஒன்றில் கூடுதல் நேரம் நின்றதற்கான 85 பவுண்டைப் பற்றிய வழக்கில், தண்ட விதியையே உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. வாங்குபவருக்கு நியாயமான அக்கறை ஏதேனும் இருந்தால் இழப்பைத் தாண்டிய தொகையும் செல்லும் என்றாகிவிட்டது. ஆக இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில் பயனில்லை. இன்றைக்கும் பழைய மாதிரிக் கடிதத்தை எடுத்து அனுப்புகிறவர்கள் தோற்பது இதனால்தான்.

திறந்திருக்கும் வழி, தனிநபர் நிலவரம். ஒருவர் பணநெருக்கடியில் இருப்பது தெரிந்தால் வங்கி அவரிடம் பரிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது முன்பு தொழில் நெறியாக இருந்தது. 2014 முதல் நிதி நடத்தை ஆணையத்தின் கடன் விதிகளில் கட்டாயமானது. 2019 டிசம்பரிலிருந்து, ஓவர்டிராஃப்டிலேயே தொடர்ந்து உழலும் வாடிக்கையாளர்களை வங்கிகள் தாமே கண்டறிந்து பேச வேண்டும் என்ற விதியும் வந்தது. கேள்வி இப்படி மாறுகிறது: 35 பவுண்டு அதிகமா என்பதல்ல, இவர் மாதக்கணக்கில் மூழ்கிக்கொண்டிருப்பது உங்கள் கணினியில் தெரிந்தும், வருடா வருடம் வரம்பைப் புதுப்பித்துக் கட்டணத்தை ஏன் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள்? இதற்கு வங்கியிடம் எப்போதும் பதில் இருப்பதில்லை. வாடிக்கையாளர் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நிதித்துறை ஆம்புட்ஸ்மேன் இந்த வகைப் புகார்களில், வங்கி விழித்துக்கொண்டிருக்க வேண்டிய தேதி எதுவென்று பார்த்து, அதற்குப் பிறகு வாங்கிய வட்டியையும் கட்டணத்தையும் திருப்பச் சொல்வதுண்டு.

மற்றொரு வழி, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவு. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவு நியாயமற்றதாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம். முன்னோட்ட வழக்கு இதைத் தொடவே இல்லை. இதன் காலவரம்பைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

6. தானே கோருதல்

முதல் வேலை கணக்கு ஸ்டேட்மென்ட்களைத் திரட்டுவது. ஒருவரைப் பற்றி வங்கி வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டு. பழைய 1998 சட்டப்படி இதற்கு 10 பவுண்டு வரை கட்டணமும் 40 நாள் கெடுவும் இருந்தன. 2018 மே முதல் இலவசம். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஸ்டேட்மென்ட்களோடு, தொலைபேசியில் பேசியதை வங்கி ஊழியர் தட்டச்சு செய்துவைத்த குறிப்புகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை போய்விட்டது, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று போனில் சொன்னது அந்தக் குறிப்பில் தேதியோடு பதிவாகியிருந்தால், வங்கிக்கு எதுவும் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது ஒரு பட்டியல். பேரேடு எழுதுவதைப் போலக் கோடு போட்ட தாளே போதும். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் வங்கி அந்தக் கட்டணத்துக்கு வைத்த பெயர், மூன்றாவதில் தொகை, நான்காவதில் அன்று கணக்கில் இருந்த இருப்பு, ஐந்தாவதில் அந்த வாரம் வீட்டில் நடந்தது. ஐந்தாவது பத்தியை எந்த மாதிரிக் கடிதமும் தராது. கோரிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்த தேதி, சம்பளம் நின்ற தேதி, முதல் உதவித்தொகை கணக்கில் ஏறிய தேதி ஆகியவற்றைக் கட்டணம் பிடித்த தேதிகளுக்கு நேரே எழுதும்போது, படிக்கிற அதிகாரிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

பிறகு புகார்க் கடிதம். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டியதில்லை. நெருக்கடி எப்போது தொடங்கியது, வங்கிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். வங்கிக்கு எட்டு வாரம் அவகாசம். இறுதிப் பதில் பிடிக்கவில்லை என்றாலோ எட்டு வாரம் கடந்துவிட்டாலோ ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போயாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்குப் பிறகு கதவு திறப்பது அரிது. புகார் கொடுப்பவர் அங்கே ஒரு பென்னி கட்ட வேண்டியதில்லை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம் தமிழ் முதியவர்கள் பலர், ஆங்கிலத்தில் எழுத வராது என்ற ஒரே காரணத்தால் கமிஷன் கம்பெனியிடம் போய்விடுகிறார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பின் அலுவலகத்தில் இலவசமாகவே எழுத உதவ ஆள் உண்டு.

வழக்குப் போடுவது கடைசி வழி. 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கை பொதுவாகச் சிறுவழக்குப் பிரிவில் நடக்கும். 2013க்கு முன் இந்த வரம்பு 5,000. வட்டியை 1984 கவுன்டி நீதிமன்றச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். வழக்கமாக ஆண்டுக்கு 8 சதவீதம் தனிவட்டி கேட்கப்படும். 35 பவுண்டுக்கு ஓர் ஆண்டு வட்டி 2 பவுண்டு 80 பென்ஸ். ஆறு ஆண்டு முழுதும் கிடைத்தால் 16 பவுண்டு 80 பென்ஸ். சில்லறையாகத் தோன்றும், நாற்பது கட்டணங்களுக்குக் கணக்கிட்டால் தோன்றாது.

பணம் கேட்கிற அதே நேரத்தில் வருங்காலக் கட்டணத்தையும் தடுக்க வேண்டும். உதவித்தொகை கணக்கில் ஏறியதும் வங்கி தன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளாமலிருக்க, இந்தத் தேதியில் வரும் இந்தத் தொகையை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கும் வழி உண்டு. இல்லையென்றால் பாக்கியில்லாத வேறொரு வங்கியில் சாதாரணக் கணக்கு தொடங்கி, வருமானத்தை அங்கே திருப்பிவிடுவது நல்லது.

7. சொலிசிட்டரும் கமிஷன் கம்பெனியும்

சிறுவழக்குப் பிரிவில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. ஜெயித்தவரின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்றவர் தர வேண்டியதில்லை. நீதிமன்றக் கட்டணமும் சில சிறு செலவுகளும் மட்டுமே கிடைக்கும். இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வங்கி பெரிய சொலிசிட்டர் நிறுவனத்தை அமர்த்தி வந்து ஜெயித்தாலும், நாம் அடாவடியாக நடந்துகொள்ளாத வரை அந்தச் செலவு நம் தலையில் விழாது. அதேபோல, நாம் சொலிசிட்டர் வைத்து ஜெயித்தாலும் அவருக்கான பணம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். 900 பவுண்டு கோரிக்கைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சொலிசிட்டரை வைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? இந்தப் பிரிவை வகுத்தவர்களே, ஆள் தானாக வந்து பேசட்டும் என்று எண்ணித்தான் வகுத்திருக்கிறார்கள்.

ஜெயித்தால் மட்டும் பணம் என்று வருகிறவர்களிடம் கணக்கு வேறு மாதிரி. கோரிக்கை நடத்தும் கம்பெனிகளை 2019 ஏப்ரலிலிருந்து நிதி நடத்தை ஆணையம் கண்காணிக்கிறது. 2022 மார்ச் முதல் அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. மீட்ட தொகை 1,500 பவுண்டுக்குக் கீழ் என்றால் 30 சதவீதம், அதுவும் 420 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. 1,500 முதல் 10,000க்குள் என்றால் 28 சதவீதம், உச்சம் 2,500. 2024இல் சொலிசிட்டர்களுக்கும் இதே போன்ற வரம்பு விதிக்கப்பட்டது. இது நல்ல சீர்திருத்தம்தான். ஆனாலும் ஓர் ஆபத்தை அது தீர்க்கவில்லை.

1,200 பவுண்டு திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 1,500 பவுண்டு ஓவர்டிராஃப்டில் நிற்கிறது. வங்கி அந்த 1,200ஐக் கையில் தராமல் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு ரொக்கமாக ஒரு பவுண்டு வரவில்லை. கம்பெனியோ ஒப்பந்தப்படி 30 சதவீதம், 360 பவுண்டு, ரொக்கமாகக் கேட்கும். கடனிலிருந்து மீள வந்தவர் புதிதாக ஒரு கடனோடு வெளியே போகிறார். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: தொகை பாக்கியில் கழிக்கப்பட்டால் உங்களுக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? கையெழுத்திட்ட பிறகும் 14 நாளுக்குள் விலகும் உரிமை உண்டு. தானே இலவசமாகப் புகார் செய்யலாம் என்பதைக் கம்பெனி முன்னதாகவே சொல்ல வேண்டும் என்பதும் விதி. சிறிய எழுத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனி செய்யும் வேலை என்ன? ஸ்டேட்மென்ட் கேட்பது, பட்டியல் போடுவது, கடிதம் அனுப்புவது. வாழ்க்கை நிலவரத்தை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கடினமான பாகத்தை நாம் செய்துகொடுத்து, எளிய பாகத்துக்கு 30 சதவீதம் கொடுக்கிறோம்.

கூட்டு வழக்குகள் தனி ரகம். ஆஸ்திரேலியாவில் ஏ.என்.இசட். வங்கியின் தாமதக் கட்டணத்துக்கு எதிராக மாரிஸ் பிளாக்பர்ன் சட்ட நிறுவனம் வழக்குச் செலவுக்கு முதலீட்டாளரை வைத்துக்கொண்டு பெரிய அணியாகப் போராடியது. அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 2016 ஜூலையில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. திறமையான வழக்கறிஞர்கள், போதுமான பணம், பல ஆண்டு உழைப்பு எல்லாம் இருந்தும் பொது வாதம் அங்கேயும் நிற்கவில்லை.

சரி, சொலிசிட்டர் எப்போது வேண்டும்? வங்கி திருப்பி வழக்குப் போட்டாலோ, ஓவர்டிராஃப்டுக்கு வீடு ஈடாக இருந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போக வேண்டும். தொகை 10,000 பவுண்டைத் தாண்டினால் தோற்றவர் செலவு தரும் விதி பாயும். அங்கே தனியாக நிற்பது ஆபத்து. கடைக்காரர்களும் கவனிக்க வேண்டும். வியாபாரக் கணக்குக்கு நுகர்வோர் விதிமுறைகள் பொருந்தாது. சிறு வியாபாரிகள் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்றாலும், ஒப்பந்த வாசகத்தை வைத்து வாதாட நேர்ந்தால் சட்டம் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

8. 2020க்குப் பிறகும் காலவரம்பும்

நீதிமன்றம் செய்ய மறுத்ததை நிதி நடத்தை ஆணையம் பத்து ஆண்டுக்கு மேல் கழித்துச் செய்தது. 2020 ஏப்ரலில் ஓவர்டிராஃப்டுக்கான நிலையான நாள் கட்டணமும் மாதக் கட்டணமும் தடை செய்யப்பட்டன. அனுமதி பெறாத ஓவர்டிராஃப்டுக்கு, பெற்றதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது; ஆண்டு வட்டி என்ற ஒரே உருவில் விலை சொல்ல வேண்டும். தவணை திருப்பிய கட்டணம் வங்கியின் உண்மைச் செலவை ஒட்டியிருக்க வேண்டும். அனுமதியின்றி 100 பவுண்டு எடுத்தவருக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு ஆகிவந்தது, 20 பென்ஸுக்கும் கீழே இறங்கும் என்று ஆணையம் கணக்கிட்டது. பல வங்கிகள் வட்டியை 40 சதவீதத்தை ஒட்டி உயர்த்திக்கொண்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அனுமதி பெற்ற வரம்புக்குள் நிம்மதியாக இருந்த சிலருக்கு இதனால் செலவு கூடியது. ஆனாலும் நான்கு பவுண்டு பற்றாக்குறைக்கு முப்பத்தைந்து பவுண்டு என்ற கொடுமை போனது. என் கணிப்பில் இது தெளிவான லாபம்.

பழைய கட்டணங்களுக்கு நேரம் கரைந்துகொண்டிருக்கிறது. 1980 காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கோரிக்கைக்கு ஆறு ஆண்டு. ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது பிடிக்கப்பட்ட நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். 2020 ஏப்ரலுக்குச் சற்று முன் பிடித்த கடைசிக் கட்டணத்துக்கும் 2026 ஏப்ரலில் அந்தக் கெடு முடிகிறது. ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டுதான். ஆம்புட்ஸ்மேனிடம் ஆறு ஆண்டுக் கெடுவோடு, புகாருக்குக் காரணம் இருப்பதை உணர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்ற மாற்றுக் கெடுவும் உண்டு. ஆனால் எப்போது உணர்ந்தீர்கள் என்று வங்கி துருவிக் கேட்கும்.

140ஏ பிரிவு இங்கேதான் மதிப்புப் பெறுகிறது. 2023 நவம்பரில், கடனோடு விற்கப்பட்ட காப்பீடு பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமற்ற உறவுக்கான கோரிக்கையில் காலவரம்பு அந்தக் கடன் உறவு முடிந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஓவர்டிராஃப்டும் ஒரு கடன் ஒப்பந்தம்தான். அதே கணக்கை இன்றுவரை வைத்திருப்பவரின் உறவு இன்னும் முடியவில்லை என்ற வாதத்துக்கு அந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. பழைய கட்டணங்கள் வெறும் விலை, அவற்றால் மட்டும் உறவு நியாயமற்றதாகிவிடாது என்று வங்கித் தரப்பு வாதாடும். இந்த ஒரு கேள்விக்காக, கையில் பட்டியலோடும் தேதிகளோடும் ஒரு சொலிசிட்டரிடம் போய், நிலையான கட்டணத்தில் ஒரே ஒரு ஆலோசனை கேட்பது செலவு செய்யத் தகுந்த காரியம். வழக்கை அவரிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. காலவரம்பைப் பற்றிய அவரது கருத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மீதியை நாமே நடத்தலாம்.